ரேடியஸ் நெறியும் விருப்பக் குறியெண்ணும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் இலக்கணம் கற்றோர் வேற்றுமைத் தொகையை நன்கறிவர். ‘பாலைக் குடித்தான்’ என்று உருபை விரித்துக் கூறலாம்; ‘பால் குடித்தான்’ என்று உருபை மறைத்தும் கூறலாம். இரண்டிற்கும் பொருள் ஒன்றே. பால் மனிதனைக் குடிக்காது என்பது கேட்போனுக்குத் தெரியுமாதலால், மறைந்த உருபை அவன் தானே வருவித்துக் கொள்கிறான். ஆனால், உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் ‘புலி கொல் யானை’ என்னும் தொடர் அவ்வளவு எளிதன்று. புலியைக் கொன்ற யானையா? புலியால் கொல்லப்பட்ட யானையா? உருபு மறைந்த இடத்தில் ஐயம் பிறக்கிறது. இட்டாலும் இடலாம், விட்டாலும் விடலாம் என ஒரு குறியை விருப்பத்திற்கு விடும்போது, சொல்பவனின் வேலை குறைகிறது. கேட்பவனின் வேலை கூடுகிறது. இவ்வுண்மையை நம் இலக்கண முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

இதே உண்மையைக் கணினி உலகம் தன் சொந்தப் பட்டறிவால் மீண்டும் கற்றுக்கொண்ட கதை ஒன்று உண்டு. அது ‘ரேடியஸ்’ என்னும் தொடர்பு நெறியின் கதை. அதனுள் ஒரே ஒரு பைட்டு இடத்தில் அமர்ந்திருக்கும் குறியெண்ணின் கதை. பல்கலைக்கழகத்திலோ அலுவலகத்திலோ நம் கைப்பேசியைக் கம்பியில்லா வலையில் இணைக்கும்போது, நம் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து உள்ளே விடும் வாயிற்காவலன் பெரும்பாலும் இந்நெறியைப் பின்பற்றும் வழங்கிக் கணினியேயாகும். நாம் காணாத இடத்தில் நமக்காக நடைபெறும் இவ்வுரையாடலில் ஒரு குறி இருப்பதும் இல்லாததும் எத்துணை வேறுபாட்டை விளைவிக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாயிற்காவலன் பிறந்த வரலாறு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1966ஆம் ஆண்டு மூன்று பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி ‘மெரிட்’ என்னும் அமைப்பை ஏற்படுத்தின. தத்தம் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துப் பயன்பெறுவதே அதன் குறிக்கோள். இன்றைய இணையத்திற்கு முன்னோடியாக விளங்கிய தேசிய அறிவியல் அறநிறுவன வலையை நடத்தும் பொறுப்பும் 1987இல் இவ்வமைப்பிடமே வந்து சேர்ந்தது.

அந்நாளில் வீட்டிலிருந்து கணினி வலைக்குள் நுழைய விரும்பியவர்கள் தொலைபேசியையே நம்பியிருந்தனர். மோடம் என்னும் கருவி தொலைபேசிக் கம்பியின் வழியாகக் கீச்சிட்டு மறுமுனையோடு பேசும். 1990களில் ஜாரிங், சிங்நெட் போன்ற சேவைகளின் வழி இணையத்தை முதன்முதலாக எட்டிப் பார்த்த நம் நாட்டு வாசகர்கள் அக்கீச்சொலியை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். மெரிட் அமைப்பின் தொலைபேசி நிலையங்களோ ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்தன. அவற்றை நடத்தியவர்களும் வெவ்வேறு நிறுவனத்தார். ஒவ்வொரு நிலையத்திலும் எல்லாப் பயனர்களின் பெயர்களையும் கடவுச்சொற்களையும் எழுதி வைப்பதென்றால், ஒருவர் கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் எல்லா நிலையங்களிலும் திருத்த வேண்டும். ஒரு நிலையம் களவு போனால் எல்லாரின் இரகசியமும் களவு போய்விடும்.

இச்சிக்கலைத் தீர்க்க மெரிட் அமைப்பு 1991ஆம் ஆண்டு வழி தேடியது. கலிபோர்னியாவைச் சேர்ந்த லிவிங்ஸ்டன் எண்டர்பிரைசஸ் என்னும் நிறுவனம் விடை தந்தது. பெயர்ப் பட்டியல் நடுவே ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். வாசலில் நிற்கும் கருவி வந்தவரின் பெயரைக் கேட்டு நடுவிடத்திற்கு அனுப்பட்டும். நடுவிடம் ‘விடலாம்’ அல்லது ‘விடாதே’ என்று விடையளிக்கட்டும் என்பதே அதன் சாரம். தொலைவிலிருந்து தொலைபேசி வழி வருவோரின் அடையாளத்தை உறுதி செய்யும் சேவை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ரேடியஸ் எனப் பெயரிட்டனர். வட்டத்தின் ஆரத்தையும் அச்சொல் குறிக்கும். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் வாசல்கள், இடையே ஆரங்கள் என்று எண்ணிப் பார்த்தால் பெயர் பொருத்தமானதே எனலாம்.

லிவிங்ஸ்டன் நிறுவனத்தார் தம் வழங்கி மென்பொருளின் மூல நிரலைப் பிறரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். இது வரலாற்றில் ஒரு திருப்பம். ஒரு நிறுவனத்தின் தனி வழக்காக இருந்தது பலரின் பொது வழக்காயிற்று. கார்ல் ரிக்னியும் அவருடைய துணைவர்களும் எழுதிய நெறி விளக்கம் 1997ஆம் ஆண்டு சனவரியில் இணையப் பொறியாளர்களின் பொது ஆவணமாக வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்பிரலிலேயே திருத்தம் பெற்றது. 2000ஆம் ஆண்டு சூனில் வெளிவந்த 2865ஆம் எண் ஆவணமே இன்றளவும் இந்நெறியின் அடிப்படை நூலாக விளங்குகிறது.

செய்திப் பொதியின் அமைப்பு

ரேடியஸ் பேசும் முறை மிகவும் சிக்கனமானது. வாசற்கருவி ஒரு பொதியை அனுப்பும். வழங்கி ஒரு பொதியைத் திருப்பும். பொதியின் தலைப்பகுதி 20 பைட்டு. முதற் பைட்டு பொதியின் வகையைச் சொல்லும்: 1 என்றால் வேண்டுகோள், 2 என்றால் இசைவு, 3 என்றால் மறுப்பு. தலைப்பகுதிக்குப் பின்னே பண்புக்கூறுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு பண்புக்கூறிலும் மூன்று பகுதிகள் உண்டு. முதற் பைட்டு அது எந்தப் பண்பு என்பதைக் குறிக்கும் எண். இரண்டாம் பைட்டு அதன் நீளம். அதன் பின் மதிப்பு. நீளத்தைக் குறிக்க ஒரு பைட்டே இருப்பதால் மதிப்பு 253 பைட்டுக்கு மேற்போக இயலாது. முழுப்பொதியும் 4096 பைட்டுக்குள் அடங்க வேண்டும்.

இவ்வமைப்பில் ஒரு குறை உண்டு. பண்புக்கூறுகள் யாவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தாய், சேய் என்ற படிநிலை இல்லை. இன்னது இன்னதைச் சேர்ந்தது என்று கட்டி வைக்கும் கயிறு இல்லை. கடைக்காரர் சாமான்களை மூட்டையாகக் கட்டாமல் மேசையின்மீது வரிசையாகப் பரப்பி வைத்தது போன்ற நிலை அது. ஒருவரே வாங்கினால் தொல்லையில்லை. இருவர் வாங்கினால் எது யாருடையது என்னும் கேள்வி எழும். தொலைபேசி இணைப்புக் காலத்தில் இக்கேள்வி எழவில்லை. ஒரு பயனர், ஒரு முகவரி, ஒரு சேவை என்ற அளவில் தேவை முடிந்தது.

சுரங்கவழிகள் வந்த காலம்

1990களின் பிற்பகுதியில் தேவை மாறியது. நிறுவன ஊழியர்கள் வெளியூரிலிருந்து அருகிலுள்ள இணையச் சேவை நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, அங்கிருந்து தம் நிறுவனத்தின் உள்வலைக்குள் நுழைய விரும்பினர். இதற்காகப் பொது இணையத்தின் ஊடே மறைவான பாதை அமைக்கும் நெறிகள் பல தோன்றின. இவற்றைச் சுரங்கவழிகள் எனலாம். அவற்றுள் ஒன்றான எல்-டூ-டி-பி என்னும் நெறி 1999ஆம் ஆண்டு ஆகத்தில் ஆவணமாயிற்று.

சுரங்கவழி ஒன்றை அமைக்க வேண்டுமாயின் வாசற்கருவிக்குப் பல செய்திகள் தேவை. எவ்வகைச் சுரங்கம்? எந்த ஊடகத்தின் வழி? மறுமுனையின் முகவரி யாது? கடவுச்சொல் யாது? இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பண்புக்கூறு. அத்துடன், முதல் வழி அடைபட்டால் இரண்டாம் வழியை நாடுமாறு மாற்று வழிகளையும் தர வேண்டியிருந்தது. ஒரே பொதியில் இரண்டு முகவரிகள், இரண்டு வகைகள், இரண்டு கடவுச்சொற்கள் வந்தால் எந்த முகவரிக்கு எந்தக் கடவுச்சொல்? மேசைமீது பரப்பிய சாமான்களின் உவமை இங்கே உண்மையாயிற்று.

கிளென் சோர்ன் முதலானோர் எழுதி 2000ஆம் ஆண்டு சூனில் வெளிவந்த 2868ஆம் எண் ஆவணம் இதற்கொரு தீர்வு கூறியது. மதிப்பின் முன்னே ஒரு பைட்டு அளவில் குறியெண் ஒன்றை வைக்க வேண்டும். தொழில்நுட்பத்தார் இதனை ‘டேக்’ என்பர். 1 முதல் 31 வரை அதன் மதிப்பு இருக்கலாம். ஒரே குறியெண் பெற்ற பண்புக்கூறுகள் யாவும் ஒரே சுரங்கவழியைச் சேர்ந்தவை. 1 என்ற குறி பெற்ற வகையும் முகவரியும் கடவுச்சொல்லும் முதல் வழி. 2 என்ற குறி பெற்றவை இரண்டாம் வழி. எவ்வழியை முதலில் நாடுவது என்பதைச் சொல்ல முன்னுரிமைப் பண்புக்கூறு ஒன்றும் உண்டு. அதில் சிறிய எண்ணுக்கே முதலிடம். மேசைமீதுள்ள சாமான்களுக்குச் சீட்டு ஒட்டியாயிற்று.

சிக்கல் எங்கே தொடங்கியது? ஒரே ஒரு வழியை மட்டும் அனுப்புவோர்க்குக் குறியெண் தேவையில்லை. அவர்களையும் வருத்தாதிருக்க வேண்டுமென ஆவணத்தார் எண்ணினர். எனவே குறியெண்ணை விருப்பத்திற்கு விட்டனர். அவ்விருப்பத்தைப் பண்புக்கூறின் இயல்பிற்கேற்ப மூன்று விதமாக வகுத்தனர். வரலாற்றின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

முப்பத்திரண்டின் நுட்பம்

முதலாவது, எண்ணாக வரும் பண்புக்கூறுகள். சுரங்கவழியின் வகை இத்தகையது. ரேடியஸில் எண்ணுக்கு 4 பைட்டு இடம். அதில் முதற் பைட்டைக் குறியெண் எடுத்துக்கொண்டு, எஞ்சிய 3 பைட்டுகளை மதிப்புக்கு விட்டது. குறியெண் இல்லையேல் அவ்விடத்தில் சுழி இருக்க வேண்டும். சிறிய எண் எதுவாயினும் 4 பைட்டில் எழுதும்போது முதற் பைட்டு இயல்பாகவே சுழியாக இருக்குமாதலால், குறியெண் அறியாத பழைய கருவியும் தடுமாறாது. இங்கே குறியின் இடம் நிலையானது. மதிப்பு மட்டுமே மாறுகிறது.

இரண்டாவது, எழுத்துத் தொடராக வரும் பண்புக்கூறுகள். மறுமுனை முகவரி, குழுவின் அடையாளம் ஆகியவை இவ்வகையின. இங்கே ஆவணத்தார் வகுத்த விதி நுட்பமானது. முதற் பைட்டின் மதிப்பு 31க்கு மேற்பட்டிருந்தால், அது குறியெண் அன்று. தொடரின் முதல் எழுத்தே அது என்று கொள்ள வேண்டும். 1963இல் உருவான ஆஸ்கி என்னும் எழுத்துக் குறியீட்டில் 0 முதல் 31 வரையுள்ள எண்கள் அச்சில் வாராத கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. கண்ணுக்குத் தெரியும் எழுத்தோ எண்ணோ எதுவாயினும் 32க்கு மேல்தான் வரும். 32 என்பதோ வெற்றிடம். ஆகவே ஒரு தொடர் 31க்குட்பட்ட பைட்டோடு தொடங்க நியாயமில்லை என்று துணிந்தனர். குறியெண் ஏன் 31உடன் நின்றது என்பதற்கும் இதுவே விடை. நம் தமிழ் எழுத்துகளை இக்காலத்து ஒருங்குறி முறையில் பைட்டுகளாக எழுதினால் ஒவ்வோர் எழுத்தும் 224 என்னும் பைட்டோடு தொடங்கும். எனவே தமிழ்ப் பெயரும் இவ்விதியால் கெடாது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

மூன்றாவது, கடவுச்சொல். அது மறைத்து எழுதப்படுவதால் அதன் பைட்டுகளைக் கண்டு எதையும் ஊகிக்க முடியாது. எனவே அங்கே குறியெண்ணின் இடம் எப்போதும் உண்டு. மதிப்பு வரம்புக்குப் புறம்பாயின் அதனைப் பொருட்படுத்தாது தள்ளிவிட வேண்டும் என்று விதித்தனர்.

நம் மக்களின் பெயர் வழக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன்னே இடுவார் உளர், இடாதாரும் உளர். ‘மு. கண்ணன்’ என்றும் எழுதலாம். ‘கண்ணன்’ என்றும் எழுதலாம். இரண்டிற்கும் நடுவே நிற்கும் புள்ளி நமக்கு வேறுபாட்டைக் காட்டுகிறது. முதலெழுத்து எப்போதும் இருக்கும் என்று நம்பும் எழுத்தர் ஒருவர், புள்ளியைப் பாராமலே முதல் எழுத்தை வெட்டினால், கண்ணன் ‘ண்ணன்’ ஆகிவிடுவான். முதலெழுத்து என்பதையே அறியாத எழுத்தரோ ‘மு’வையும் பெயரோடு சேர்த்து ‘முகண்ணன்’ என எழுதுவார். ரேடியஸ் உலகில் இவ்விரு எழுத்தர்களும் பிறந்தனர்.

தடுமாற்றம் விளைந்த விதம்

2001ஆம் ஆண்டு 802.1எக்ஸ் என்னும் தரநிலை உருவானது. கம்பியிலோ கம்பியில்லாமலோ ஒரு கருவி வலையில் இணையும்போது முதலில் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. தொலைபேசி இணைப்பு மறையத் தொடங்கிய காலத்தில் ரேடியஸுக்குப் புதுவாழ்வு தந்தது இதுவே. அக்காலத்தில் ஒரே கம்பி வலையைப் பல தனித்தனி மெய்நிகர் வலைகளாகப் பிரிக்கும் ‘வி-லேன்’ முறையும் வழக்கிற்கு வந்திருந்தது. 1 முதல் 4094 வரை எண் பெறும் இவ்வலைகளுள் ஒவ்வொருவரையும் அவரவர்க்கு உரியதில் சேர்க்க வேண்டும். எந்த எண் என்பதை வழங்கி சொல்ல வேண்டும்.

அதற்கெனப் புதுப் பண்புக்கூறு படைக்காமல், சுரங்கவழிக்கென வகுத்தவற்றையே எடுத்தாண்டனர். 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 3580ஆம் எண் ஆவணம் இதனை விளக்குகிறது. வகை என்னும் பண்பில் 13, ஊடகம் என்னும் பண்பில் 6, குழு அடையாளம் என்னும் பண்பில் வி-லேன் எண். மூன்றும் சேர்ந்தால்தான் பொருள் முற்றுப்பெறும். குழு அடையாளம் எழுத்துத் தொடர் வகையைச் சேர்ந்ததாதலால் வி-லேன் எண்ணும் எழுத்துகளாகவே எழுதப்படும். ஒரே வி-லேனை மட்டும் குறிப்பதாயின் குறியெண்ணைச் சுழியாக இடுவதே நன்று என்று அவ்வாவணம் அறிவுறுத்துகிறது. சுரங்கத்திற்கென்று தைத்த சட்டையை வி-லேனுக்கு அணிவித்ததால், ஒரு சில நிறுவனங்களில் மட்டும் இருந்த குறியெண் சிக்கல் பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் எங்கும் பரவியது.

ஒரு மருத்துவமனையைக் கற்பனை செய்து கொள்வோம். நோயாளிகளின் மருத்துவப் பதிவுகள் 10 என்னும் வி-லேனில் உள்ளன. பார்வையாளர்களுக்கு 210 என்னும் வி-லேன். பார்வையாளர் ஒருவர் இணைகிறார். வழங்கி, குறியெண் இடாமல் ‘210’ என்று அனுப்புகிறது. அதன் பைட்டுகள் முறையே 50, 49, 48. விதியை அறிந்த கருவி 50 என்பது 31க்கு மேற்பட்டது என்று கண்டு, அதை ‘2’ என்னும் எழுத்தாகவே கொள்ளும். குறியெண் எப்போதும் இருக்கும் என்று நம்பும் கருவியோ 50ஐக் குறியெண் என்று வெட்டிவிடும். எஞ்சுவது ‘10’. வழியே போனவர் வீட்டின் உள்ளறைக்குள் அழைத்துச் செல்லப்பட்டார். கடவுச்சொல் களவு போகவில்லை. எவரும் பூட்டை உடைக்கவில்லை. ஒரு பைட்டைப் படித்த விதம் தவறியது; அவ்வளவே.

மறுபுறமும் தீங்கு உண்டு. வழங்கி, குறியெண்ணைச் சுழியாக இட்டு 0, 50, 49, 48 என அனுப்புகிறது. குறியெண் அறியாத கருவி இதனை எழுத்துத் தொடராகவே படிக்கிறது. சி மொழியில் எழுதிய மென்பொருளில் சுழி பைட்டு தொடரின் முடிவைக் குறிக்கும். முதற் பைட்டே சுழியாயின் தொடர் வெறுமை. வி-லேன் எண்ணே வரவில்லை என்று கருவி கருதும். எண் பண்புக்கூறிலும் இத்தகைய தவறு நேரலாம். குறியெண் 1உடன் 13 என்னும் வகை 1, 0, 0, 13 என்று வரும். குறியெண் அறியாத கருவி இதனை ஒரே எண்ணாகப் படித்தால் 16777229 ஆகும். அப்படியொரு வகை உலகிலேயே இல்லை.

இன்னொரு நுண்ணிய தவறும் உண்டு. வகைக்குக் குறியெண் 1 இட்டு, வி-லேன் எண்ணுக்கு இடாமல் விட்டால், மூன்றும் ஒரு குழுவா, அன்றா என்று கருவி தீர்மானிக்க இயலாது. ஒரு கருவி பொறுத்துக்கொள்ளும், இன்னொன்று மறுக்கும். பொறுத்துக்கொள்ளும் கருவியோடு பழகிய வலைக் காப்பாளர் தம் எழுத்து முறை சரியென்றே நம்பிவிடுவார். கருவியை மாற்றும் நாளில்தான் பழைய பிழை வெளிப்படும்.

மென்பொருளாளர் கண்ட வழிகள்

லிவிங்ஸ்டன் மூல நிரலிலிருந்து கிளைத்த மென்பொருள்கள் பல. நெதர்லாந்தைச் சேர்ந்த மிக்கேல் வான் ஸ்மூரன்பர்க் அதிலிருந்து ‘சிஸ்ட்ரான் ரேடியஸ்’ என்பதை உருவாக்கினார். அவரும் ஆலன் டீகாக்கும் 1999ஆம் ஆண்டு ‘ஃப்ரீரேடியஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் இடமளிக்கும் இம்மென்பொருள் இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

இத்தகைய மென்பொருளை எழுதுவோர் குறியெண்ணுக்காக மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும். எந்தப் பண்புக்கூறுக்குக் குறியெண் உண்டு? வந்த பொதியில் அது இருக்கிறதா, இல்லையா? காப்பாளர் எழுதும் விதியில் அதை எப்படிக் குறிப்பது?

முதல் வினாவுக்கு ஃப்ரீரேடியஸ் தந்த விடை அகராதி. ஆம், அம்மென்பொருளின் உள்ளே அகராதி என்றே பெயர் பெற்ற கோப்புகள் உள்ளன. ஒவ்வொரு பண்புக்கூறின் பெயர், எண், மதிப்பின் இயல்பு ஆகியவை அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். குறியெண் பெறக்கூடியவற்றின் எதிரே ‘குறியெண் உண்டு’ எனப் பொருள்படும் ஒரு சொல் சேர்க்கப்படும். நிரலைத் திருத்தாமல் அகராதியைத் திருத்தினாலே போதும். அகராதியில் அச்சொல் விடுபட்டால் குறியெண் மதிப்போடு கலந்துவிடும். தேவையற்ற இடத்தில் சேர்த்தால் மதிப்பின் தலை துண்டிக்கப்படும். அகராதித் தொகுப்பாளரின் பொறுப்பு எம்மொழியிலும் பெரிதே.

இரண்டாம் வினாவுக்கு விடை மேலே கண்ட விதியே: எழுத்துத் தொடராயின் முதற் பைட்டு 31ஐத் தாண்டுகிறதா என்று பார், கடவுச்சொல்லாயின் பாராமலே முதற் பைட்டை எடுத்துவிடு. மூன்றாம் வினாவுக்கு, பண்பின் பெயரை அடுத்து முக்காற்புள்ளி இட்டுக் குறியெண்ணை எழுதும் முறை வகுக்கப்பட்டது. அங்கும் ஒரு முடிச்சு உண்டு. காப்பாளர் குறியெண் எழுதாமல் விட்டால், ‘குறியெண் இல்லாதது மட்டும்’ என்று கொள்வதா, ‘எக்குறியெண் ஆயினும் சரி’ என்று கொள்வதா? முதற்கொள்கை துல்லியமானது, ஆனால், குறியெண் 1உடன் வந்த பண்புக்கூறைக் காணாமலே கடந்துவிடும். இரண்டாம் கொள்கை இணக்கமானது. ஆனால், இரண்டு சுரங்கங்கள் இருந்தால் எதைப் பிடித்தோம் என்பது தெரியாது. விருப்பக் குறி ஒன்று மென்பொருளின் ஒவ்வோர் அடுக்கிலும் ஏறி இறங்கி இக்கேள்வியை எழுப்பிக்கொண்டே இருக்கிறது.

நெறியை வகுத்தோரும் இதனை உணர்ந்தனர். ரேடியஸுக்கு மாற்றாக 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘டயாமீட்டர்’ என்னும் நெறி வெளிவந்தது. ஆரத்தின் இருமடங்கு விட்டம் என்பதால் இப்பெயர். அதில் ஒன்றினுள் ஒன்றை வைத்துக் கட்டும் குழுப் பண்புக்கூறு உண்டு. மூட்டை கட்டியாயிற்று, சீட்டு தேவையில்லை. ரேடியஸ் உலகத்திலும் 2011ஆம் ஆண்டு வெளிவந்த வடிவமைப்பு வழிகாட்டி, புதிய பண்புக்கூறுகளுக்குக் குறியெண் முறையைக் கையாள வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2013இல் வெளிவந்த விரிவாக்கம் ரேடியஸுக்கும் முறையான குழு அமைப்பைத் தந்தது. ஆயினும் பழைய பண்புக்கூறுகள் பழைய குறியெண்ணோடு இன்றும் உலவுகின்றன. கோடிக்கணக்கான பொதிகளில் எழுதப்பட்ட வழக்கை ஆவணம் ஒன்றால் அழித்துவிட முடியாது.

விருந்தினரும் வீட்டு ஒழுங்கும்

நெதர்லாந்தில் 2002ஆம் ஆண்டு முளைத்த எண்ணம் ஒன்று ‘எடுரோம்’ என்னும் உலகளாவிய கல்வி வலையாக வளர்ந்தது. ஒரு பல்கலைக்கழகத்து மாணவர் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றாலும் தம் சொந்தப் பெயராலேயே அங்குள்ள கம்பியில்லா வலையில் இணையலாம். மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்களும் இதில் பங்கு கொண்டுள்ளன. மாணவரின் வேண்டுகோள் வழங்கிக்கு வழங்கி கைமாறி அவருடைய தாய்க் கல்விக்கூடத்தை அடையும். விடையும் அவ்வழியே திரும்பும்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. தாய்க் கல்விக்கூடம் தன் வழக்கப்படி வி-லேன் எண்ணையும் சேர்த்து அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அவர்கள் நாட்டில் 10 என்பது மாணவர் வலையாக இருக்கலாம். இங்கே அது நிதி அலுவலக வலையாக இருக்கலாம். ஆகவே வெளியிலிருந்து வரும் விடைகளில் இத்தகைய பண்புக்கூறுகளை நீக்கிவிட்டு, உள்ளூர் எண்ணை இடுவதே நன்முறை. நீக்கும்போது குறியெண் எதுவாயினும் நீக்க வேண்டும். குறியெண் இல்லாததை மட்டும் நீக்கி, குறியெண் 1உடன் வந்ததை விட்டுவிட்டால் காவல் வீண். தேடுவதில் தளர்ச்சியும் தடுப்பதில் தளர்ச்சியும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

விருப்பத்தின் விலை

1980ஆம் ஆண்டில் இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ஜான் போஸ்டல் ஒரு கொள்கையை வகுத்தார். தான் அனுப்புவதில் கண்டிப்பும் பிறரிடமிருந்து ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்பது அதன் கருத்து. இக்கொள்கையால் இணையம் வளர்ந்தது உண்மை. ஆனால் ஏற்பவரின் தாராளம் அனுப்புவோரின் பிழையை மறைத்து வளர்க்கிறது என்னும் எதிர்க்குரலும் நாளடைவில் எழுந்தது. 2023ஆம் ஆண்டு அக்கருத்தே ஓர் ஆவணமாகவும் வெளிவந்தது.

இதற்குச் சான்று ரேடியஸ் வரலாற்றிலேயே உண்டு. பொதி நடுவழியில் மாற்றப்படவில்லை என்பதை உறுதி செய்யும் முத்திரைப் பண்புக்கூறு ஒன்று 2000ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. சில வகை உரையாடல்களில் அது கட்டாயம், ஏனையவற்றில் விருப்பம். விருப்பம் என்றதனால் பல கருவிகள் அதனை இடவில்லை. இடாதவற்றையும் வழங்கிகள் ஏற்றுக்கொண்டன. எஞ்சிய பாதுகாப்பு, 1992இல் ஆவணமான எம்டி5 என்னும் கணக்கீட்டை நம்பியிருந்தது. அக்கணக்கீட்டின் வலுவின்மை 2004இலேயே வெளிப்பட்டது. 2024ஆம் ஆண்டு சூலையில் ஆய்வாளர்கள் ‘பிளாஸ்ட் ரேடியஸ்’ என்னும் தாக்குதலை வெளியிட்டனர். வாசற்கருவிக்கும் வழங்கிக்கும் இடையே நிற்கும் பகைவன் ‘விடாதே’ என்ற விடையை ‘விடலாம்’ என்று மாற்றிவிட முடியும் என்று அவர்கள் காட்டினர். முத்திரையைக் கட்டாயமாக்குவதே உடனடி மருந்து எனக் கூறப்பட்டது. இருபத்து நான்கு ஆண்டுகள் விருப்பமாக இருந்தது ஒரே நாளில் கடமையாயிற்று.

குறியெண்ணும் முத்திரையும் ஒன்றல்ல. முன்னது பொருளைக் குழுவாக்குவது. பின்னது பொய்யைத் தடுப்பது. ஆயினும் இரண்டின் வரலாறும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. விருப்பம் என்று விடப்பட்ட ஒவ்வொன்றுக்கும், அது இல்லாத நிலையில் என்ன பொருள் என்பதையும் அன்றே வரையறுத்துவிட வேண்டும். எழுத்துத் தொடருக்கு 31 என்னும் எல்லையைக் கட்டிய ஆவணத்தார் அவ்வாறே செய்தனர். அவ்விதியைப் படித்தவர்களின் கருவிகள் பிழைக்கவில்லை. படிக்காதவர்களின் கருவிகளே பிழைத்தன. ஆனால் படிக்காதவரும் எழுதுவர் என்பதை எதிர்பார்ப்பதும் விதி வகுப்போரின் கடமையன்றோ?

முடிவுரை

மிச்சிகன் மாநிலத்துத் தொலைபேசி நிலையங்களுக்காக 1991இல் தோன்றிய நெறி, மோடம் மறைந்த பின்னும் மறையவில்லை. தன்னை ஆக்கிய நிறுவனம் 1997இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னும் அது வாழ்கிறது. எளிமையே அதன் வலிமை. அவ்வெளிமையில் இடம் போதாதபோது ஒட்டிய சிறு சீட்டே குறியெண். அது அறிவுடைய தீர்வு. ஆனால் படிப்போரின் கவனத்தை நம்பிய தீர்வு.

‘புலி கொல் யானை’ என்னும் தொடரில் பொருள் தேடும் மாணவன், முன்னும் பின்னும் நோக்கித் தெளிகிறான். இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் இல்லை. கையிலுள்ள பைட்டும் நாம் எழுதிக் கொடுத்த விதியுமே உண்டு. விதியை முழுமையாக எழுதுவதும், எழுதியதை முழுமையாகப் படிப்பதும் மனிதர் செய்ய வேண்டியவை. தன் கருவி குறியெண்ணை எவ்வாறு படிக்கிறது என்று ஒருமுறை சோதித்துப் பார்த்து, மூன்று பண்புக்கூறுகளுக்கும் ஒரே குறியிட்டு எழுதும் வலைக் காப்பாளர் ஒருவர், பெயரறியாப் பலருடைய இரகசியத்தைக் காக்கிறார். அவருடைய பணி எவர் கண்ணிலும் படுவதில்லை. பிழை நேராத நாளில் காவலனை யாரும் நினைப்பதில்லை. எனினும், நாம் நாள்தோறும் அச்சமின்றி உள்ளே நுழைவது அவர் விழித்திருப்பதனாலேயே என்பதை நினைவிற்கொள்வோமாக.